வக்கீல் பதில்: ரோட்டைப் பத்தி ஆர்டிஐ போட்டேன், ‘தகவல் வரையறைக்குள் வராது’ன்னு அனுப்பிட்டாங்க

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயசு 27, செல்போன் கடையில வேலை பாக்குறேன், எங்க ஊர் ஒரு பேரூராட்சி. எங்க தெருவுல போன தை மாசம் சிமெண்ட் ரோடு போட்டாங்க, சித்திரை முடியுறதுக்குள்ள ஜல்லி பேந்து வெளிய வந்துருச்சு, தண்ணி பைப் பக்கம் ஓரமே உடைஞ்சு கிடக்கு. ஆர்டிஐல, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல, 5 கேள்வி கேட்டு ஆபீசுக்கு அனுப்புனேன். 1. ரோட்டை ஏன் தரமில்லாம போட்டீங்க? 2. யார் பொறுப்பு, என்ன நடவடிக்கை எடுப்பீங்க? 3. எவ்வளவு கமிஷன் கைமாறுச்சு? 4. எஸ்டிமேட் காப்பி தரவும். 5. எப்ப சரி பண்ணுவீங்க? 29வது நாள் பதில் வந்துச்சு: “தாங்கள் கோரியுள்ளவை தகவல் என்ற வரையறைக்குள் வராது. வரிசை எண் 4-க்கு அலுவலக நேரத்தில் நேரில் வந்து பார்வையிட்டுக்கொள்ளலாம்.” அவ்வளவுதான். இதுல என்னன்னா பதில் வர்றதுக்கு முன்னாடியே கான்ட்ராக்டர் எனக்கு போன் பண்ணிட்டாரு, அப்புறம் வீட்டுக்கே வந்து அம்மாகிட்ட “உங்க வாசல் முன்னாடி மட்டும் நல்லா பூசித் தந்துடுறேன், பையனை பேசாம இருக்கச் சொல்லுங்க”ன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அம்மா பயந்துட்டாங்க. ஆர்டிஐ சட்டமே இப்ப செத்துப்போச்சுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. பதில் வந்து 12 நாள் ஆகுது. விட்டுறவா, மேல போகவா?

பதில்:

தம்பி, விடாதீங்க. ஆனா இதே கேள்வியை வச்சுக்கிட்டு மேல போனாலும் ஜெயிக்க மாட்டீங்க, அதனால முதல்ல எங்க தப்பாச்சுன்னு பேசிடுவோம், அப்புறம் கான்ட்ராக்டர் விஷயத்துக்கு வர்றேன்.

உங்களுக்கு வந்த பதில் பாதி சரி, பாதி தப்பு. 1, 2, 3, 5 நாலுக்கும் அவங்க சொன்னது கிட்டத்தட்ட சரிதான்னு சொன்னா உங்களுக்கு கோவம் வரும், எனக்கும் 19 வருஷமா இந்த மாதிரி பதிலைப் படிக்கும்போதெல்லாம் வருத்தமாத்தான் இருக்கு, ஆனா சட்டம் அப்படித்தான் எழுதியிருக்கு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ல பிரிவு 2(எஃப்) படிச்சீங்கன்னா, தகவல்னா பதிவேடு, ஆவணம், குறிப்பு, மின்னஞ்சல், சுற்றறிக்கை, உத்தரவு, ஒப்பந்தம், அறிக்கை, மாதிரி இப்படி ஏற்கனவே ஏதோ ஒரு உருவத்துல ஆபீஸ்ல இருக்கிற சரக்குதான். நீங்க கேட்டது விளக்கம். 2011ல சிபிஎஸ்இ எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாவே சொல்லிடுச்சு, கையில இருக்கிற தகவலைக் கொடுக்கணும், இல்லாததைப் புதுசா உருவாக்கித் தரணும்னோ கருத்து சொல்லணும்னோ அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாதுன்னு. அதே தீர்ப்புதான் பரிட்சை எழுதின பிள்ளைங்க தங்களோட திருத்தின விடைத்தாளைப் பாக்குற உரிமையையும் கொடுத்துச்சு. ஏன் மார்க் குறைஞ்சுச்சுன்னு கேட்டா பதில் வராது, பேப்பரைக் கொடுன்னு கேட்டா கொடுத்தாகணும். உங்க ரோட்டுக்கும் கணக்கு இதேதான்.

அதனால ஒரே ஒரு பழக்கத்தை மாத்துங்க. கேள்வி கேக்காதீங்க, காகிதத்தைக் கேளுங்க. ஏன், எதுக்கு, எப்படி, நியாயமாங்கிற வார்த்தை எதுவும் மனுவுல வரவே கூடாது. நீங்க மனசுல நினைச்ச ஒவ்வொரு கேள்விக்கும் ஆபீஸ்ல ஏதோ ஒரு பீரோவுல ஒரு காகிதம் பதிலா உக்காந்திருக்கு, அந்தக் காகிதத்தோட பேரு தெரிஞ்சுட்டா போதும்.

ரோட்டு வேலையில அந்தப் பேருங்களை நான் சொல்றேன். முதல்ல எஸ்டிமேட், அதாவது மதிப்பீடு, அதுல எத்தனை மீட்டர் நீளம், அகலம், எவ்வளவு கனம், என்ன கலவைன்னு எல்லாம் இருக்கும். அப்புறம் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர் அறிவிப்பு, வந்த டெண்டர்களோட ஒப்பீட்டுப் பட்டியல், ஒப்பந்தம், பணி உத்தரவு. வேலை நடந்த பிறகு எம்-புக், கான்கிரீட் எவ்வளவு உறுதின்னு சோதிச்ச கியூப் டெஸ்ட் ரிப்போர்ட், பில், பணம் கொடுத்த வவுச்சர். இதுல எதையாவது ஒண்ணை மட்டும்தான் கேக்க முடியும்னு யாராவது உங்க கையைக் கட்டிப்போட்டா, நான் யோசிக்காம எம்-புக்கைத்தான் கேப்பேன்.

எம்-புக்னா அளவுப் புத்தகம். வேலை முடிஞ்சதும் இன்ஜினியர் நேர்ல வந்து அளந்து கைப்பட எழுதுற புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அச்சடிச்சிருக்கும், நடுவுல கிழிச்சா தெரிஞ்சுரும். அந்த அளவை வச்சுத்தான் பில் போடுவாங்க, பில்லை வச்சுத்தான் பணம் போகும். அதனால பொய் எழுதணும்னா அங்கதான் எழுதணும். சில வருஷம் முன்னாடி என்கிட்ட ஒரு டீக்கடைக்கார அண்ணன் வந்தாரு, ஊரு பேரு வேணாம், அவர் தெருவுலயும் இதே சிமெண்ட் ரோடு கதைதான். எம்-புக் நகல் வாங்கினோம். 110.00 பெருக்கல் 3.00 பெருக்கல் 0.15, மொத்தம் 49.50 கன மீட்டர், கீழ இன்ஜினியர் கையெழுத்து, அதுக்குக் கீழ மேலதிகாரி சரிபார்த்ததுக்கான கையெழுத்து, தேதி. இந்த ஒரு வரிதான். அந்த 0.15ங்கிறது 15 சென்டிமீட்டர் கனம். அண்ணனோட பொண்ணு ஆறாம் வகுப்பு, அவளோட ஜாமெட்ரி பாக்ஸ்ல இருக்கிற ஸ்கேலும் சரியா 15 சென்டிமீட்டர். அதை எடுத்துட்டுப் போய் ரோட்டு ஓரம் உடைஞ்சு குறுக்குவெட்டு தெரியுற இடத்துல செங்குத்தா நிறுத்திப் பாத்தாங்க, கான்கிரீட் 9லயே முடிஞ்சிருச்சு, அதுக்கு மேல ஸ்கேல் வெளிய நீட்டிட்டு நின்னுச்சு. மூணு நாலு இடத்துல இப்படி வச்சு போட்டோ எடுத்தாங்க. ரோடு முழுக்க அந்தக் கனம்தான்னா 49.50 கன மீட்டருக்குப் பணம் வாங்கிட்டு 29.70 கன மீட்டர் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். கமிஷன் எவ்வளவுன்னு அந்த அண்ணன் யாரையும் கேக்கவே இல்லை, தேவையே படலை, அந்தப் போட்டோவும் எம்-புக் பக்கமும் பக்கத்துல பக்கத்துல வச்சு கொடுத்த மனு மேல விசாரணை வந்துச்சு, ரோட்டை கான்ட்ராக்டர் செலவுலயே திரும்பப் போட வச்சாங்க.

இப்ப 4வதைத் தவிர உங்க மத்த நாலு கேள்வியையும் இதே மாதிரி திருப்பிப் போடுவோம். ஏன் தரமில்லாம போட்டீங்கங்கிறதுக்குப் பதிலா எம்-புக் பக்கங்களோட சான்றிட்ட நகல், தரப் பரிசோதனை அறிக்கையோட நகல். யார் பொறுப்புங்கிறதுக்குப் பதிலா இந்த வேலையை அளந்தவர், சரிபார்த்தவர், பில்லுக்கு ஒப்புதல் கொடுத்தவர் இவங்களோட பேரும் பதவியும். கமிஷனுக்குப் பதிலா ஒப்பந்தத் தொகை, கொடுத்த பணம், கொடுத்த தேதி, பிடித்தம் செஞ்ச தொகை, கான்ட்ராக்டருக்கு இன்னும் திருப்பித் தராம வச்சிருக்கிற வைப்புத் தொகை. எப்ப சரி பண்ணுவீங்கங்கிறது நாளைக்கு நடக்கப் போறது, அதுக்கு இன்னிக்கு காகிதம் இருக்காது, அதுக்குப் பதிலா ஒப்பந்தத்துல குறைபாடு வந்தா எத்தனை காலத்துக்கு கான்ட்ராக்டர் தன் செலவுல சரி பண்ணித் தரணும்னு ஒரு ஷரத்து இருக்கும், அந்தப் பக்கத்தோட நகலைக் கேளுங்க. உங்க விஷயத்துல இதுதான் ரொம்ப முக்கியம், ரோடு போட்டு வருஷம் கூட ஆகல, அந்தக் காலக்கெடு இன்னும் ஓடிட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

மனுவுல எந்தத் தெரு, எந்த வார்டு, எந்த மாசம் போட்ட ரோடுன்னு தெளிவா எழுதுங்க, வேலை பேரும் பணி உத்தரவு நம்பரும் தெரிஞ்சா அதையும் சேருங்க. ஊர்ல போட்ட எல்லா ரோட்டோட 10 வருஷ விவரம்னு கேட்டு வைக்காதீங்க, அப்படிக் கேட்டா பிரிவு 7(9)ஐக் காட்டி ஆபீஸ் வேலையே நின்னு போயிடும், வந்து பாத்துக்கோங்கன்னு சொல்லிடுவாங்க. அப்புறம் குத்தம் சொல்ற வாக்கியம், மிரட்டல், ‘முதலமைச்சர் வரை போவேன்’ இதெல்லாம் வேண்டாம். காரணமும் எழுத வேண்டாம், பிரிவு 6(2) காரணம் கேக்கவே கூடாதுன்னு சொல்லுது. 2014ல சென்னை ஐகோர்ட்ல ஒரு தீர்ப்புல காரணம் சொல்லணும்னு ஒரு வரி வந்து, சட்டத்துல அப்படி இல்லையேன்னு பெரிய எதிர்ப்பு வந்ததும் சில நாள்லயே அந்தப் பகுதியை கோர்ட்டே நீக்கிடுச்சு. யாராவது ‘எதுக்கு உங்களுக்கு இது’ன்னு கேட்டா பிரிவு நம்பரை மட்டும் சொல்லுங்க.

பணம் 10 ரூபாய்தான், தமிழ்நாட்டு அரசு ஆபீஸ்னா 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம், கோர்ட் வளாகத்துல ஸ்டாம்ப் வெண்டர்கிட்ட கிடைக்கும். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். அவங்க ‘இத்தனை பக்கம், இவ்வளவு ரூபாய்’னு கடிதம் அனுப்பின நாள்ல இருந்து நீங்க கட்டுற நாள் வரைக்கும் 30 நாள் கணக்குல சேராது, அதனால கடிதம் வந்ததும் உடனே கட்டிருங்க. 30 நாள் தாண்டியும் தராம விட்டாங்கன்னா பிரிவு 7(6)படி பைசா வாங்காம இலவசமா கொடுக்கணும், இது நிறைய பேருக்குத் தெரியாது, தெரியாததால 600 பக்கத்துக்கு 1,200 ரூபாய் கட்டிட்டு வந்தவங்களை நான் பாத்திருக்கேன்.

சரி, 4வது கேள்விக்கு வருவோம். எஸ்டிமேட் காப்பி கேட்டீங்க, நேர்ல வந்து பாத்துக்கோன்னு சொல்லிட்டாங்க. இதுதான் அவங்க பதில்ல தப்பான பாதி. நகலா வேணுமா, நேர்ல பாக்கணுமா, குறிப்பு எடுக்கணுமாங்கிறது பிரிவு 2(ஜே) உங்களுக்குக் கொடுத்த உரிமை, நீங்க எந்த வடிவத்துல கேட்டீங்களோ அதுல தரணும்னு 7(9)ம் சொல்லுது. நாலு பக்க எஸ்டிமேட்டை நகல் எடுத்துத் தர்றதால எந்த ஆபீசும் ஸ்தம்பிச்சுப் போகாது. அது போக, மறுக்கிறப்ப என்ன காரணத்துக்காக மறுக்கிறோம், எத்தனை நாளைக்குள்ள மேல்முறையீடு பண்ணணும், யார்கிட்ட பண்ணணும் இந்த மூணையும் எழுதியே ஆகணும்னு 7(8) இருக்கு. உங்களுக்கு வந்த பதில்ல அது எதுவுமே இல்லை.

அதனால ரெண்டு வேலையும் சேத்து பண்ணுங்க. 4வது கேள்விக்கு மட்டும் முதல் மேல்முறையீடு, பிரிவு 19(1). பதில் கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாள் டைம், நீங்க எழுதினப்பவே 12 நாள் போயிடுச்சு, இதைப் படிக்கும்போது இன்னும் கொஞ்சம் போயிருக்கும், தள்ளிப்போடாதீங்க. இதுக்கு ஃபீஸ் கிடையாது, ஸ்டாம்ப் கிடையாது. அந்த ஆபீஸ்லயே இல்லைன்னா அதுக்கு மேல இருக்கிற ஆபீஸ்ல பதவியில மூத்தவர் ஒருத்தர்தான் மேல்முறையீட்டு அலுவலர், யார்னு ஆபீஸ் போர்டுல எழுதியிருக்கணும், இல்லைன்னா உங்க மனுவுக்குப் பதில் தர்ற பொதுத் தகவல் அலுவலர் ஆபீஸ் முகவரியையே போட்டு ‘மேல்முறையீட்டு அலுவலர்’னு பதவியைக் குறிச்சு அனுப்பினாலும் தப்பில்லை. 30 நாள், மிஞ்சிப் போனா 45 நாள்ல முடிக்கணும். மத்த நாலு கேள்விக்கு மேல்முறையீடு பண்ணி நேரத்தை வீணாக்க வேண்டாம், மேல சொன்ன மாதிரி காகிதமா மாத்தி புதுசா ஒரு மனு போடுங்க.

நேர்ல பாக்கக் கூப்பிட்டாங்கல்ல, அதையும் விடாதீங்க, புது மனுவுலயே நேரில் ஆய்வு செய்யவும் அனுமதி வேணும்னு ஒரு வரி சேருங்க. தமிழ்நாட்டுல முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதுக்கப்புறம் ஒரு சின்னக் கட்டணம்தான். என் அனுபவத்துல நேர்ல போய் ஃபைலைப் புரட்டினவங்களுக்குத்தான் எதைக் கேக்கணும்னே தெரியுது, ஏன்னா ஒரு ஃபைல்ல இடது பக்கம் நோட் ஃபைல்னு ஒண்ணு இருக்கும், எழுத்தர் எழுதினது, மேல இருக்கிறவர் அதுக்குக் கீழ எழுதினது, கையெழுத்து, தேதின்னு வரிசையா ஓடும். நீங்க ‘ஏன்’னு கேட்டதுக்கெல்லாம் பதில் இருந்தா அங்கதான் இருக்கும். கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, ஒரு நோட்டுல பக்க எண்ணைக் குறிச்சுட்டு வாங்க, போட்டோ எடுக்கக் கூடாதுன்னு சொன்னா சண்டை போடாதீங்க, குறிச்ச பக்கங்களோட நகலை எழுத்துல கேளுங்க. ‘வேலையை ஆய்வு செய்ய’ங்கிறதும் 2(ஜே)ல இருக்கு, பொருளோட சான்றிட்ட மாதிரி எடுக்கிறதும் இருக்கு. அதாவது ரோட்டையே ஆய்வு பண்ணணும், கான்கிரீட்ல மாதிரி எடுத்து சான்றிட்டுத் தரணும்னு கூட நீங்க கேக்கலாம். இதை யாருமே பயன்படுத்துறது இல்லைங்கிறது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம்.

அவங்க சொல்லக்கூடிய சாக்கு மூணு நாலு இருக்கு. கான்ட்ராக்டர் சம்மதிக்கலைன்னு சொல்லுவாங்க, பிரிவு 11படி அவர்கிட்ட கருத்துதான் கேக்கணும், வேண்டாம்னு தடுக்குற அதிகாரம் அவருக்குக் கிடையாது, முடிவு அதிகாரியோடது. வணிக ரகசியம்னு 8(1)(டி)ஐக் காட்டுவாங்க, பொதுப்பணத்துல வேலை முடிஞ்சு பில் பாஸ் ஆனதுல ரகசியம்னு ஒண்ணுமில்லை. தனிப்பட்ட விவரம்னு 8(1)(ஜே) சொல்லுவாங்க, உங்க ஃப்ரெண்ட்ஸ் சட்டம் செத்துப்போச்சுன்னு சொல்றது இதை வச்சுத்தான்னு நினைக்கிறேன். முன்னாடி அந்தப் பிரிவுல தனிப்பட்ட தகவலா இருந்தாலும் பொது நடவடிக்கையோட சம்பந்தம் இருந்தா கொடுக்கணும்னு அர்த்தம் வர்ற மாதிரி வாசகம் இருந்துச்சு, 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மூலமா அதையெல்லாம் எடுத்துட்டு வெறுமனே தனிப்பட்ட தகவல்னா விலக்குன்னு சுருக்கிட்டாங்க. இது பெரிய அடி, நான் மழுப்ப மாட்டேன், அதிகாரிகளோட பேரை மறைக்கக் கூட இதைப் பயன்படுத்துவாங்கன்னு எனக்குக் கவலை இருக்கு. ஆனா 8(2) இன்னும் அப்படியேதான் இருக்கு, வெளியிடுறதால வர்ற பொதுநலன் பெருசுன்னா விலக்கு இருந்தாலும் கொடுக்கலாம். அதனால மனுவுல ஒரு வரி சேத்துக்கோங்க, ‘இது பொதுப்பணத்தில் நடந்த பொதுப்பணி, பிரிவு 8(2)இன்படி பொதுநலன் உள்ளது’ன்னு. எம்-புக்ல இருக்கிற நீளம் அகலம் கனம் எந்த மனுஷனோட தனிப்பட்ட விவரமும் கிடையாது. நடுவுல ஏதாவது பெயரோ நம்பரோ கொடுக்கக் கூடாததா இருந்தா அதை மட்டும் மறைச்சுட்டு மீதியைக் கொடுங்கன்னு பிரிவு 10 இருக்கு.

அப்புறம் எல்லாத்துக்கும் மேல ஒண்ணு, ‘கோப்பு கிடைக்கவில்லை’. சட்டத்துல இருக்கிற விலக்குல காணாமப் போச்சுங்கிறது ஒண்ணு கிடையவே கிடையாது. 2013ல டெல்லி ஐகோர்ட் ஒரு வழக்குல, ஒரு காலத்துல இருந்த ஆவணம் இப்ப இல்லைன்னா நல்லாத் தேடணும், விசாரிச்சு யார் பொறுப்புன்னு கண்டுபிடிக்கணும்னு சொல்லியிருக்கு. அப்படிப் பதில் வந்தா அடுத்த மனுவுல கோப்பு எந்தத் தேதி காணாமப் போச்சு, யார் பொறுப்புல இருந்துச்சு, போலீஸ்ல புகார் கொடுத்திருந்தா அதோட நகல்னு கேளுங்க. பல நேரம் அந்த மனு போய்ச் சேர்ந்ததும் கோப்பு கிடைச்சிருது.

மேல்முறையீட்டுலயும் கிடைக்கலைன்னா 90 நாளைக்குள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு 19(3)ல இரண்டாவது மேல்முறையீடு. இங்க ஒரு தப்பு நடக்குது, கோவத்துல பிரிவு 18ல புகார் மட்டும் அனுப்பிடுறாங்க. 2011ல மணிப்பூர் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, 18ல போனா அதிகாரிக்குத் தண்டம் போடலாம், தகவலைக் கொடுன்னு உத்தரவு போட முடியாது, தகவல் வேணும்னா 19 வழியாத்தான் வரணும்னு. அதனால 19ல போங்க, அதுலயே பிரிவு 20படி ஒரு நாளைக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை தண்டம் போடச் சொல்லியும் 19(8)படி இழப்பீடு கேட்டும் எழுதுங்க. மறுத்தது சரிதான்னு நிரூபிக்கிற பொறுப்பு அவங்களுது, உங்களுது இல்லை, அது 19(5). ஆணையத்துல விசாரணை வர்றதுக்கு மாசக்கணக்குல ஆகும், வருஷம் கூட ஆகலாம், அதை இப்பவே சொல்லிடுறேன். ஆனா நோட்டீஸ் போனதும் விசாரணை நாளன்னிக்கு கையில நகலோட வந்து நிக்கிற அலுவலர்களை நான் எத்தனையோ தடவை பாத்தாச்சு.

இப்ப பயத்தைப் பத்தி. கான்ட்ராக்டருக்கு உங்க நம்பர் எப்படிப் போச்சு? மனுவுல எழுதியிருப்பீங்க, இல்லையா? இனிமே எழுதாதீங்க. தொடர்பு கொள்ளத் தேவையானதைத் தவிர வேற எந்த சொந்த விவரமும் கேக்கக் கூடாதுன்னு அதே 6(2) சொல்லுது, தபால் வந்து சேர ஒரு முகவரி போதும். 2013ல கல்கத்தா ஐகோர்ட் தபால் பெட்டி எண் கொடுத்தாலே போதும்னு சொல்லியிருக்கு, வீட்டு முகவரி தர பயமா இருந்தா அது ஒரு வழி. ஆபீஸ்ல இருந்து உங்க விவரம் கான்ட்ராக்டர் கைக்குப் போனது தப்பு, மேல்முறையீட்டுல ஒரு பத்தியா அதையும் எழுதுங்க, எந்தத் தேதி எத்தனை மணிக்கு போன் வந்துச்சு, என்ன பேசினாருன்னு.

பயப்படாதீங்கன்னு நான் லேசா சொல்லிட்டுப் போக மாட்டேன். 2010 ஜனவரியில புனே பக்கம் தலேகாவ்ல சதீஷ் ஷெட்டி, அதே வருஷம் ஜூலையில அகமதாபாத்ல குஜராத் ஐகோர்ட் எதிர்லயே அமித் ஜெத்வா, ரெண்டு பேருமே ஆர்டிஐ வச்சு நில மோசடியையும் சட்டவிரோத சுரங்கத்தையும் தோண்டினவங்க, கொன்னுட்டாங்க. உங்க தெரு ரோட்டுக்கும் அதுக்கும் தூரம் ஜாஸ்திதான், இருந்தாலும் அம்மா பயப்படுறது தப்பில்லை. அதனால தனியா நிக்காதீங்க. தெருவுல 5 பேர், முடிஞ்சா 10 பேர், ஒரே மனுவை அவங்கவங்க பேர்ல, அவங்கவங்க 10 ரூபாய் ஸ்டாம்ப்போட தனித்தனியா போடுங்க. சங்கம் பேர்ல வேண்டாம், பிரிவு 3 உரிமையைக் குடிமக்களுக்குத்தான் கொடுத்திருக்கு, சங்கத்து லெட்டர்பேட்ல போட்டா அதையே காரணமாச் சொல்லித் திருப்புவாங்க. ரெண்டு மூணு வீட்டு அக்காமார் பேர்லயும் போடச் சொல்லுங்க. 10 பேர் வாசலுக்கும் போய் பூசித் தர்றேன்னு சொல்ல முடியாது. மறுபடி போன் வந்தா பேச்சை ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கோங்க, மிரட்டுற மாதிரி பேசினா அன்னிக்கே ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்து புகாரை வாங்கிக்கிட்டதுக்கு அவங்க தர்ற சிஎஸ்ஆர் ரசீதை வாங்கிருங்க, நாளைக்கு ஏதாவதுன்னா அந்த ரசீதுதான் பேசும்.

சட்டம் செத்துப்போச்சுன்னு சொல்ற ஃப்ரெண்ட்ஸ்கிட்ட இதைச் சொல்லுங்க. 1994 டிசம்பர்ல ராஜஸ்தான்ல கோட் கிரானாங்கிற கிராமத்துல மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்ங்கிற தொழிலாளர் விவசாயிகள் அமைப்புக்காரங்க, அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் இவங்க எல்லாம் சேந்து ஊர் நடுவுல கூட்டம் போட்டு பஞ்சாயத்து வேலையோட மஸ்டர் ரோலையும், அதாவது வேலைக்கு வந்தவங்க பேரும் கூலியும் எழுதுற பதிவேட்டையும், பில்லையும் சத்தமா வாசிச்சாங்க. வாசிக்க வாசிக்க கூட்டத்துல உக்காந்திருந்த ஜனங்களே எழுந்து பதில் சொன்னாங்க, கூலி வாங்கினதா எழுதியிருக்கிற ஆளு வேலைக்கே போகலை, கட்டினதா பில் போட்ட கட்டடம் இப்படித்தான் கிடக்குன்னு. அப்ப சட்டம்னு ஒண்ணு கிடையாது. 1996ல பியாவர்ல 40 நாள் தர்ணா உக்காந்தாங்க, கேட்டது என்னன்னா பில், வவுச்சர், மஸ்டர் ரோல் இதோட நகல். நம்ம தமிழ்நாட்டுல 1997லயே தகவல் அறியும் சட்டம் ஒண்ணு கொண்டுவந்தாங்க, இந்தியாவுலயே முதல்ல, ஆனா அதுல விலக்கு ஏகப்பட்டது இருந்ததால பெருசா பயன்படலை. 2005 அக்டோபர் 12ல இப்ப இருக்கிற சட்டம் முழுசா அமலுக்கு வந்துச்சு. எழுதப் படிக்கத் தெரியாத கூலி ஜனங்க அன்னிக்கு எந்தக் காகிதத்தைக் கேக்கணும்னு சரியாத் தெரிஞ்சு வச்சிருந்தாங்க, அதுதான் எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்.

நகலெல்லாம் கைக்கு வந்ததும் திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள்ல மனு கொடுங்க, எம்-புக் பக்கம், ஒப்பந்தத்துல குறைபாடு சரி பண்ற ஷரத்து இருக்கிற பக்கம், உங்க போட்டோ மூணையும் இணைச்சு. கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், வைப்புத் தொகையை விடுவிக்காம அந்த ஷரத்துப்படி கான்ட்ராக்டர் செலவுல திரும்பப் போட வைக்கணும். கனத்துல பெரிய வித்தியாசம் இருந்தா லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் தனியா எழுதலாம், அந்தக் கட்டம் வந்தா எனக்கு எழுதுங்க, எப்படி எழுதணும்னு சொல்றேன்.

கடைசியா ஒரு அவசர விஷயம். கான்ட்ராக்டர் உங்க வாசல் முன்னாடி பூசித் தர்றேன்னு சொன்னாருல்ல, அது உங்க மேல இருக்கிற அக்கறையா இருக்காதுன்னு எனக்குத் தோணுது. உடைஞ்ச ஓரத்துக்கு மேல ரெண்டு இன்ச் பூசிட்டா குறுக்குவெட்டு மறைஞ்சிரும், அதுக்கப்புறம் ரோட்டோட கனம் என்னன்னு பாக்கணும்னா தோண்டித்தான் பாக்கணும், தோண்ட உங்களுக்கு அனுமதி கிடையாது. அதனால மனு எழுதுறதுக்கு முன்னாடியே, முடிஞ்சா நாளைக்குக் காலையில, பக்கத்து வீட்டுல ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு ஒரு ஸ்கேலோட போய் தண்ணி பைப் பக்கம் உடைஞ்சிருக்கிற இடத்துல வச்சு போட்டோ எடுத்துருங்க. ஸ்கேல் நம்பர் தெளிவாத் தெரியணும், பின்னாடி எந்த வீடுன்னு அடையாளம் தெரியணும், அன்னிக்கு நாளிதழை ஒரு ஓரமா வச்சு ஒரு படம் எடுத்தா தேதிக்கும் சாட்சி ஆச்சு. அம்மாகிட்ட சொல்லி வைங்க, அவரு பூச ஆள் அனுப்பினா ‘பையன் வரட்டும்’னு மட்டும் சொல்லி அனுப்பிடச் சொல்லுங்க.